40 ஆயிரம் ரூபாய்க்குள் பயணத்துக்கும் ஆகும் லேப்டாப்: புதுசா, ரீஃபர்பிஷ்டா, குரோம்புக்கா, பழைய மேக்புக் ஏரா?

"கையில 40 ஆயிரம்தான் இருக்கு. வீட்டு வேலைக்கும் ஆகணும், வெளியூர் போகும்போதும் பையில போட்டுக்கணும். எதை வாங்கலாம்?" இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நாலு பேரிடம் விசாரித்துக் குழம்பியவர்கள். ஒருவர் ஷோரூமுக்குப் போய்ப் புதுசாக எடு என்பார். இன்னொருவர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய திங்க்பேட் (லெனோவோவின் ஆபீஸ் லேப்டாப்) இருக்கும்போது எதற்குப் புதுசு என்பார். மூன்றாமவருக்கு ஆப்பிளைத் தவிர எதுவும் லேப்டாப்பே இல்லை. மூவர் சொல்வதும் யாரோ ஒருவருக்குப் பொருந்தும். உங்களுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் வேலையும் பயணமும்தான் முடிவு செய்யும்.

இங்கே எடை போடுவது நான்கு வழிகளை: புதிய மலிவு விண்டோஸ் லேப்டாப், கம்பெனிகளிலிருந்து திரும்பி வந்து, சரிபார்த்து விற்கப்படும் ரீஃபர்பிஷ்டு பிசினஸ் லேப்டாப், கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் குரோம்புக், ஆப்பிளின் எம்1 சிப் உள்ள பழைய மேக்புக் ஏர். வேலை என்று மனதில் வைத்திருப்பது பிரவுசர், வேர்டு, எக்செல், ஜூம் கூட்டங்கள், தமிழ் டைப்பிங், பி.டி.எஃப்., கொஞ்சம் சினிமா. கேம், 4கே வீடியோ எடிட்டிங், ஆட்டோகேட் எல்லாம் வேண்டுமென்றால் இந்தப் பட்ஜெட்டும் இந்தக் கட்டுரையும் போதாது.

## முதலில் அளவுகோல்கள்

விளம்பரத்தில் பெரிதாக இருப்பது பிராசஸர் பெயர். அன்றாட வேலைக்கு 2018-க்குப் பிறகு வந்த எந்த ஐ5-ம் தாராளமாகப் போதும். தினமும் உங்களை அவஸ்தைப்படுத்துவதும் காப்பாற்றுவதும் வேறு விஷயங்கள்.

பேட்டரியின் வாட்-அவர். "10 மணி நேரம் நிற்கும்" என்று பெட்டியில் இருப்பதை விட்டுவிடுங்கள். பேட்டரி எத்தனை வாட்-அவர் (அதில் தேங்கும் மின்சாரத்தின் அளவு) என்று பாருங்கள். வெளிச்சத்தை நடுத்தரமாக வைத்து, வைஃபை இணைத்து, பிரவுசரும் வேர்டும் ஓட்டினால் ஒரு சாதாரண விண்டோஸ் லேப்டாப் 7 முதல் 10 வாட் இழுக்கும். 42 வாட்-அவர் பேட்டரியை 8-ஆல் வகுத்தால் 5 மணி நேரம் சொச்சம். வீடியோ கூட்டம் என்றால் இழுப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும், நேரம் பாதியாகும். இரண்டு வருடத்தில் பேட்டரி ஐந்தில் ஒரு பங்கு தேய்வது சகஜம். ஆக, புதிதாக வாங்கும்போதே 5 மணி நேரம்தான் என்றால் பின்னாளில் அது 4 மணி நேரம்.

டைப்-சி சார்ஜிங். பயணம் செய்கிறவருக்கு இதை நான் பேட்டரிக்குச் சமமாக வைப்பேன். 65 வாட் டைப்-சி சார்ஜர் ஒன்றே போனுக்கும் லேப்டாப்புக்கும் போதும்; மறந்துவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்கலாம்; பவர் பேங்கிலும் ஏற்றலாம். உருளை முனை சார்ஜர் என்றால் அதே முனை கிடைக்க வேண்டும். பல மலிவு மாடல்களில் டைப்-சி துளை இருக்கும், ஆனால் அது டேட்டாவுக்கு மட்டும். ஸ்பெசிஃபிகேஷனில் "பவர் டெலிவரி" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். கடையில் என்றால் டைப்-சி சார்ஜரைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள்.

சார்ஜரோடு சேர்த்த எடை. 15.6 இன்ச் லேப்டாப் 1.7 கிலோ, கூட ஒரு கனமான சார்ஜர் என்றால் தோளில் இரண்டு கிலோ. 14 இன்ச், 1.4 கிலோ, சிறிய சார்ஜர் என்றால் ஒன்றரை. பஸ் பிடிக்க ஓடும்போது அந்த அரைக் கிலோ தெரியும். ரயிலில் சேர் கார் தட்டில் 15.6 இன்ச் லேப்டாப்பைத் திறந்தால், முன்சீட்டுக்காரர் சாய்ந்ததும் மூடி அதில் இடிக்கும்.

ஸ்கிரீன். மலிவு மாடல்களில் 220–250 நிட்ஸ்தான் வெளிச்சம். அறைக்குள் ஓகே. ஜன்னலோர சீட்டில் உங்கள் முகம்தான் தெரியும். 300 நிட்ஸும், சாய்த்துப் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனலும் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள்; நிறம் கழுவினாற்போல் வெளுத்தால் அது பழைய டி.என். பேனல்.

ரேம். 8 ஜி.பி. இன்றைக்குத் தள்ளிவிடும், 16 இருந்தால் நிம்மதி. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகமெங்கும் ஏறிக்கிடப்பதால் "அப்புறம் போட்டுக்கலாம்" என்பது முன்போல் சில்லறைச் செலவு இல்லை. அதைவிட முக்கியம், போட ஸ்லாட் இருக்கிறதா அல்லது மதர்போர்டிலேயே சால்டர் பண்ணியிருக்கிறார்களா என்பது.

எத்தனை வருடம் அப்டேட் வரும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும்; டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். வங்கிக் கணக்கு திறக்கும் லேப்டாப்பில் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடுவது சின்ன விஷயம் இல்லை.

கட்டாயம் ஓட்ட வேண்டிய மென்பொருள். டேலி, ஜி.எஸ்.டி.-க்கும் டெண்டருக்கும் பயன்படும் டிஜிட்டல் கையெழுத்து யு.எஸ்.பி. டோக்கன், வானவில் போன்ற பழைய எழுத்துரு மென்பொருள் — இவற்றில் ஒன்று தினசரி வேலை என்றால் விண்டோஸ் தவிர மற்றவற்றை மறந்துவிடுங்கள். யூனிகோடில் டைப் பண்ணுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. தமிழ்99 கீபோர்டு முறை விண்டோஸிலும் மேக்கிலும் குரோம்புக்கிலும் உள்ளேயே வருகிறது.

## வழி 1: புதிய மலிவு விண்டோஸ் லேப்டாப்

சுமார் 33,000 முதல் 42,000 வரை. ஐ3-1215யு, ஐ3-என்305, ரைசன் 3 7320யு, ரைசன் 5 7520யு ஆகிய பிராசஸர்கள் இந்த விலையில் அடிக்கடி கண்ணில் படும். அன்றாட வேலைக்கு இவை எல்லாமே போதும். 30,000-க்குக் கீழே போனால் இரண்டே கோர் உள்ள செலரான் வரும். நாலு டேப் திறந்து ஜூமும் ஓட்டினால் அது திணறும். அதைத் தவிருங்கள். நாலு கோர் உள்ள இன்டெல் என்100 டைப்பிங்குக்கும் பிரவுசருக்கும் பரவாயில்லை.

ரைசன் பெயரில் ஒரு சூட்சுமம். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் தலைமுறையைச் சொல்லும். 7520யு-வில் மூன்றாவது இலக்கம் 2, அதாவது ஜென் 2 என்னும் பழைய வடிவமைப்பு. 7530யு-வில் 3, அதாவது ஜென் 3. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு. மேலும் 7320யு, 7520யு இரண்டிலும் ரேம் எப்போதும் சால்டர் செய்யப்பட்டதுதான். 8 ஜி.பி. வாங்கினால் கடைசிவரை 8 ஜி.பி. ஐ3-1215யு மாடல்கள் பலவற்றில் ஸ்லாட் உண்டு. அதில் இன்னொரு 8 ஜி.பி. குச்சி போட்டால் அளவு கூடுவதோடு இரண்டு சேனலில் ஓடுவதால் கிராஃபிக்ஸும் தெளிவாக வேகம் பிடிக்கும். ஐ5 என்ற பெயருக்காக 12450எச், 13420எச் போன்ற எச் வரிசைக்குத் தாவ வேண்டாம். வேகம் உண்டு, ஆனால் கொஞ்சம் வேலை கூடினாலும் பேட்டரியைக் குடிக்கும், ஃபேன் இரையும்.

இந்த வகையில் உடைவது பெரும்பாலும் கீல்தான், கடைக்காரர்கள் ஹிஞ்ச் என்பது. காரணம் எளிது. மூடியின் உலோகக் கீலை, உடலின் பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை மரைகளில்தான் திருகியிருப்பார்கள். கீல் இறுக ஆரம்பித்ததும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த மரை பிளாஸ்டிக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொள்ளும். ஒரு நாள் மூடியின் மூலையில் வாய் பிளந்து நிற்கும். அந்த நிலையில் தொடர்ந்து திறந்து மூடினால் ஸ்கிரீன் கேபிளும் போகும். மூலையைப் பிடித்துத் திறக்காமல், நடுவில் பிடித்துத் திறந்தாலே ஆயுள் கூடும். ஒட்டிக் கொடுப்பது தற்காலிகம்தான்; முழு பேனலையே மாற்ற வேண்டியிருக்கும். வாரண்டியில் இதை "ஃபிசிக்கல் டேமேஜ்" என்று சொல்லி மறுப்பதும் வழக்கம்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது "நோ காஸ்ட் இ.எம்.ஐ." வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும் வங்கி அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. போடும், பிராசசிங் கட்டணமும் தனி. இரண்டாவது ஆஃபீஸ். லேப்டாப்போடு இலவசமாக வரும் ஆஃபீஸ், முதலில் எந்த இ-மெயிலில் ஆக்டிவேட் செய்கிறார்களோ அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். கடைப் பையன் "செட் பண்ணித் தரேன் அண்ணா" என்று தன் மெயிலைப் போட்டுவிட்டால் அது உங்களுக்கு இல்லை. பெட்டியைப் பிரித்து முதல் செட்டப்பை நீங்களே செய்யுங்கள். விண்டோஸ் "எஸ் மோடில்" வந்திருந்தால் வெளியிலிருந்து மென்பொருள் போட முடியாது. அதை விட்டு வெளியே வர ஸ்டோரிலேயே இலவச வழி இருக்கிறது, ஆனால் வந்தபின் திரும்ப முடியாது.

புதுசு எப்போது சரி? வாரண்டியும் பில்லும் அவசியமானவருக்கு, சொந்தமாகச் சோதித்துப் பார்க்கத் தயங்குகிறவருக்கு, ஆபீஸில் ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி எடுப்பவருக்கு, பயணம் மாதம் ஓரிரு முறை மட்டும் என்கிறவருக்கு.

## வழி 2: ரீஃபர்பிஷ்டு பிசினஸ் லேப்டாப்

அடிக்கடி பயணம் செய்கிறவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். பெரிய கம்பெனிகள் மூன்று, நான்கு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கும் லேப்டாப்கள் இவை. புதிதாக இருந்தபோது 80,000, ஒரு லட்சம் என்று விற்றவை. உலோகக் கீல், தண்ணீர் சிந்தினால் ஓரளவு தாங்கும் கீபோர்டு, இருட்டில் எரியும் எழுத்துகள், டைப்-சி சார்ஜிங், திருகைக் கழற்றினால் கைக்கு எட்டும் ரேமும் எஸ்.எஸ்.டி.யும். 40,000 ரூபாய் புதிய லேப்டாப்பில் இவை எல்லாம் ஒருசேரக் கிடைக்காது.

எதை வாங்குவது என்பதற்கு இரண்டு படிகள் இருக்கின்றன.

முதல் படி, 8-ஆம் தலைமுறை. சுமார் 18,000 முதல் 25,000. திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 7490, எச்.பி. எலைட்புக் 840 ஜி5. மூன்றுமே 14 இன்ச், மூன்றிலும் இரண்டு ரேம் ஸ்லாட். டி480-க்குப் பயணிகளிடையே தனி மதிப்பு உண்டு. உள்ளே 24 வாட்-அவர் பேட்டரி ஒன்று, பின்னால் கழற்றி மாட்டும் பேட்டரி இன்னொன்று. லேப்டாப்பை அணைக்காமலே பின் பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். உள்பேட்டரி அதுவரை தாங்கும். பின்னால் 72 வாட்-அவர் பெரிய பேட்டரி போட்டால் மொத்தம் 96 வாட்-அவர், ஒரு முழுப் பகல் பயணத்தைத் தாண்டும். கனமும் அதற்கேற்பக் கூடும். டி480எஸ் என்று ஓர் எழுத்து கூடினால் அது வேறு மெஷின்: கழற்றும் பேட்டரி இல்லை, ஒரு ரேம் சால்டர் செய்யப்பட்டது. எக்ஸ்280-லும் எக்ஸ்1 கார்பனிலும் ரேம் முழுக்க சால்டர்தான்.

இரண்டாம் படி, 11-ஆம் தலைமுறை. சுமார் 28,000 முதல் 36,000. லேட்டிட்யூட் 5420, எலைட்புக் 840 ஜி8, திங்க்பேட் டி14 ஜென் 2. பணம் இருந்தால் இதற்கே போங்கள். விண்டோஸ் ஆதரவு இன்னும் சில வருடம் நீளும். கிராஃபிக்ஸ் நல்ல தெம்பு. இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. யூடியூப் இப்போது பல வீடியோக்களை ஏவி1 வடிவில் அனுப்புகிறது. அதைத் தனி வன்பொருளால் விரிக்கும் வசதி 8-ஆம் தலைமுறையில் இல்லை; பிராசஸரே மூச்சுமுட்ட விரிக்கும், சூடாகும், பேட்டரி இறங்கும். 11-ஆம் தலைமுறையில் அந்த வசதி இருக்கிறது.

12,000, 14,000 என்று ஆசை காட்டும் டி470, லேட்டிட்யூட் 7480, எலைட்புக் 840 ஜி3, ஜி4 எல்லாம் 6, 7-ஆம் தலைமுறை. கடைக்காரர் விண்டோஸ் 11 போட்டே காட்டுவார், ஆனால் அது மைக்ரோசாஃப்ட் ஆதரிக்காத வழியில் போட்டது. பெரிய அப்டேட் வரும்போது முரண்டு பிடிக்கலாம். பிராசஸர் எண்ணில் தலைமுறை தெரியும்: ஐ5-7300யு என்றால் 7, ஐ5-8350யு என்றால் 8, ஐ5-1145ஜி7 என்றால் 11. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட்டத் தெரிந்தவருக்கு மட்டும் அந்தப் பழைய மாடல்கள் நல்ல பேரம்.

### கடையில் அரை மணி நேரச் சோதனை

அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்குப் பஞ்சமில்லை.

1. லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் செட்டிங்குக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வாங்க வேண்டாம். உள்ளே தெரியும் சீரியல் எண்ணும் அடியில் ஒட்டியிருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். கம்ப்யூட்ரேஸ் என்னும் திருட்டுத் தடுப்பு வசதி "ஆக்டிவேட்டட்" என்று இருந்தால், பழைய கம்பெனி அதை இன்னும் விடுவிக்கவில்லை என்று பொருள்.
2. விண்டோஸை ரீசெட் செய்து, முதல் செட்டப்பில் வைஃபை இணையுங்கள். ஏதாவது கம்பெனியின் பெயரோடு லாகின் பக்கம் வந்தால் அந்த மெஷின் இன்னும் அவர்கள் பட்டியலில் இருக்கிறது. கடைக்காரர் இணையம் இல்லாமல் செட்டப் செய்து காட்டினால் இது தெரியாது. அதனால்தான் வைஃபை அவசியம்.
3. கமாண்ட் விண்டோவில் பவர்சிஎஃப்ஜி (powercfg /batteryreport) கட்டளையால் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். "டிசைன் கெப்பாசிட்டி", "ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி" இரண்டையும் ஒப்பிடுங்கள். 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். டி480 என்றால் இரண்டு பேட்டரியையும் பாருங்கள்.
4. டிஸ்பிளே செட்டிங்கில் 1920 × 1080 இருக்கிறதா? இதே மாடல்கள் 1366 × 768 மங்கல் ஸ்கிரீனோடும் வந்தன. விலை குறைவாகத் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். முழு வெள்ளைப் படம் வைத்து அழுத்தத் தழும்புகளைத் தேடுங்கள். எலைட்புக்கில் பக்கவாட்டில் இருட்டும் "ஷூர் வியூ" பிரைவசி ஸ்கிரீன் சிலவற்றில் இருக்கும். நேரே பார்த்தாலும் அது கொஞ்சம் மங்கல்.
5. டைப்-சி சார்ஜரைச் செருகி மெல்ல ஆட்டுங்கள். சார்ஜ் விட்டு விட்டு ஏறினால் துளை தளர்ந்துவிட்டது. 2017–2019 திங்க்பேட்களில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் (அந்தத் துளையை இயக்கும் உள்மென்பொருள்) கோளாறால் டைப்-சி துளையே செத்துப்போன பிரச்சினை இருந்தது. லெனோவோ அதற்கு ஃபர்ம்வேர் அப்டேட் கொடுத்தது. டி480 வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதைப் போடுவதுதான்.
6. எல்லா விசையையும் அடித்துப் பாருங்கள். ஜப்பான், அரபு நாடுகளிலிருந்து வந்த சரக்கில் கீபோர்டு அமைப்பு மாறியிருக்கும். மேலே ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பார்கள். நகத்தால் ஓரத்தைத் தடவினால் தெரிந்துவிடும்.
7. 15 நிமிடம் ஹெச்.டி. வீடியோ ஓட்டுங்கள். ஃபேன் ஓயாமல் அலறினால் பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். மாற்றிக் கொடுக்கச் சொல்லலாம், பெரிய செலவில்லை.

மறைசெலவில் பெரியது பேட்டரி. 3,000 முதல் 5,000 வரை ஒதுக்கி வையுங்கள். "ஒரிஜினல்" என்று சொல்லி விற்பதில் பெரும்பாலானவை வேறு கம்பெனி தயாரித்த கம்பாட்டிபிள்தான்; 2018 மாடலுக்கு உண்மையான ஒரிஜினல் கிடைத்தாலும் அதுவும் கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்ததாக இருக்கும். ஆறு மாதமாவது மாற்றித் தரும் உத்தரவாதத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். டச்பேட் திடீரென்று கிளிக் ஆகாமல் கெட்டிப்பட்டாலோ, அடிப்பக்கம் மேசையில் சமமாக உட்காராவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றே நிறுத்திவிடுங்கள், அதைப் பையில் போட்டுப் பயணம் செய்யாதீர்கள்.

இது யாருக்கு வேண்டாம்? இருக்கும் ஊரில் லேப்டாப் திறக்கத் தெரிந்த கடையே இல்லாதவருக்கு, எது பழுதானாலும் வீட்டுக்கு வந்து சரிசெய்து தர வேண்டும் என்கிறவருக்கு.

## வழி 3: குரோம்புக்

சுமார் 18,000 முதல் 28,000. புதுசு, லேசு, டைப்-சி சார்ஜிங் ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு, பேட்டரி நன்றாக நிற்கும், வைரஸ் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ், மெயில், யூடியூப், ஆன்லைன் வகுப்பு என்று முழு வாழ்க்கையும் பிரவுசருக்குள் நடப்பவருக்கு இது போதும். பள்ளிப் பிள்ளைக்கும், மெயிலும் பேப்பரும் படிக்கும் பெரியவருக்கும் தயங்காமல் வாங்கலாம்.

ஆனால் பயணத்தில் நெட் போகும் என்பதை மறக்கக்கூடாது. ரயில் ஊர்களைத் தாண்டியதும் சிக்னல் விட்டு விட்டு வரும். கூகுள் டாக்ஸில் ஆஃப்லைன் வசதியை வீட்டிலேயே ஆன் செய்து, தேவையான ஃபைல்களை முன்கூட்டியே ஆஃப்லைனில் வைத்தால்தான் வேலை நடக்கும்.

பிரிண்டர் இன்னொரு சிக்கல். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் சின்ன அலுவலகங்களிலும் பரவலாக இருக்கும் கேனான் எல்பிபி 2900 குரோம்புக்கில் ஓடாது. வைஃபை பிரிண்டர் இல்லாத இடத்தில் பி.டி.எஃப்.-ஆக்கி போனிலிருந்து அனுப்ப வேண்டியதுதான். டேலியும் கையெழுத்து டோக்கனும் நடக்கவே நடக்காது.

வாங்கும்போது 4 ஜி.பி. ரேம் மாடலை விட்டுவிடுங்கள், 8 எடுங்கள். அப்டேட் முடியும் தேதியையும் பாருங்கள். 2021 முதல் வந்த மாடல்களுக்கு 10 வருட அப்டேட் என்று கூகுள் 2023-ல் அறிவித்தது. அந்தப் பத்து வருடம், அந்த வகை வன்பொருள் வெளியான நாளிலிருந்து ஓடும். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. கழிவு விலையில் விற்கும் குரோம்புக்கில் மூன்று, நான்கு வருடம் ஏற்கெனவே போயிருக்கலாம். செட்டிங்கில் "குரோம்ஓஎஸ் பற்றி" பகுதியில் தேதி இருக்கும்.

## வழி 4: பழைய மேக்புக் ஏர் எம்1

2020 நவம்பரில் வந்தது. 1.29 கிலோ, 49.9 வாட்-அவர் பேட்டரி, ஃபேனே இல்லை. பேட்டரி விஷயத்தில் இந்தப் பட்டியலில் இதை எதுவும் நெருங்காது. இணையத்தில் 15 மணி நேரம் என்று ஆப்பிள் சொன்னது. தேய்ந்த பேட்டரியிலும் 8, 9 மணி நேரம் வேலை வாங்கலாம். மூடி வைத்துவிட்டு மறுநாள் திறந்தால் சார்ஜ் அப்படியே இருக்கும். பல விண்டோஸ் லேப்டாப்கள் பைக்குள்ளேயே விழித்துச் சூடாகிக் காலியாவதைப் பார்த்தவருக்கு இதன் அருமை புரியும். ஸ்கிரீன் 400 நிட்ஸ், ஜன்னலோரத்திலும் தெரியும். 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டாஹோ பதிப்பு வரை எம்1-க்கு உண்டு.

விலை நல்ல நிலையில் சுமார் 38,000 முதல் 48,000. பட்ஜெட்டின் விளிம்பைத் தொடுகிறது, அதனால் பழுதுக்கு என்று கையில் எதுவும் மிஞ்சாது. இங்கேதான் ஆபத்து. ரேம், எஸ்.எஸ்.டி. இரண்டும் போர்டோடு ஒட்டியவை. போர்டு போனால் எல்லாம் போச்சு, டேட்டாவும் சேர்த்து. ஸ்கிரீன் மாற்றும் செலவு லேப்டாப் விலையில் பாதியை எட்டும். மூடிக்கும் கீபோர்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறைவு; கேமரா மேல் ஒட்டும் பிளாஸ்டிக் மூடியோடு சாத்தினால் ஸ்கிரீன் விரிசல் விடும் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது.

இரண்டு துளைதான், இரண்டும் இடப்பக்கம், இரண்டும் டைப்-சி. பென் டிரைவுக்கும் எச்.டி.எம்.ஐ.-க்கும் ஹப் வேண்டும், 1,500 முதல் 2,500 வரை. விண்டோஸில் என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவை மேக் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. பிரிண்ட் கடைக்குப் போய் நின்று திகைக்காமல் எக்ஸ்ஃபேட் முறையில் ஒன்றை ஃபார்மேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பவர் உங்கள் கண்ணெதிரே ஐகிளவுடிலிருந்து வெளியேறி, முழுவதும் அழித்து, நெட் இணைத்து, புதிதாக செட்டப் பக்கம் வரும்வரை பணம் கொடுக்காதீர்கள். ஆக்டிவேஷன் லாக்கோ (பழைய உரிமையாளரின் பூட்டு) "ரிமோட் மேனேஜ்மென்ட்" பக்கமோ (கம்பெனியின் கட்டுப்பாடு) வந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். சிஸ்டம் ரிப்போர்ட்டில் பேட்டரி சைக்கிள் எண்ணிக்கை (முழு சார்ஜ் அளவு எத்தனை முறை செலவானது என்பது) இருக்கும். 1,000 என்பது ஆப்பிள் சொல்லும் உச்சவரம்பு. 500-க்குள் இருந்தால் நல்லது.

## ஒரே பார்வையில்

| | புதிய மலிவு விண்டோஸ் | ரீஃபர்பிஷ்டு பிசினஸ் | குரோம்புக் | மேக்புக் ஏர் எம்1 |
|---|---|---|---|---|
| தோராய விலை (ரூ.) | 33,000–42,000 | 18,000–36,000 | 18,000–28,000 | 38,000–48,000 |
| கூட ஒதுக்க வேண்டியது | ரேம், இ.எம்.ஐ. கட்டணம் | பேட்டரி 3,000–5,000 | பெரிதாக இல்லை | ஹப் 1,500–2,500 |
| நடைமுறையில் பேட்டரி | 4–6 மணி | 3–5. புது பேட்டரியில் 6–8 | 8 மணி அளவில் | 8–12 மணி |
| டைப்-சி சார்ஜிங் | மாடலைப் பொறுத்து | உண்டு | உண்டு | உண்டு |
| ரேம் கூட்ட முடியுமா | சிலவற்றில் | பெரும்பாலும் முடியும் | முடியாது | முடியாது |
| அடிவாங்கும் பகுதி | கீல் | பேட்டரி, டைப்-சி துளை | சேமிப்பிடம் போதாமை | ஸ்கிரீன் |
| டேலி, கையெழுத்து டோக்கன் | ஓடும் | ஓடும் | ஓடாது | சிரமம் |
| வாரண்டி | பொதுவாக 1 வருடம் | 3–12 மாதம், கடையைப் பொறுத்து | பொதுவாக 1 வருடம் | பெரும்பாலும் இல்லை |

விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும்.

## பயணப் பைக்கான கணக்கு

20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்பது 74 வாட்-அவர். மாற்றத்தில் வீணாவது போக 50 முதல் 60 லேப்டாப்புக்குச் சேரும். பெரிய பேட்டரி போட்ட டி480 தவிர, மேலே சொன்ன பெரும்பாலான லேப்டாப்புக்குச் சுமார் ஒரு முழு சார்ஜ். ஆனால் அது 45 அல்லது 65 வாட் பவர் டெலிவரி உள்ளதாக இருக்க வேண்டும். போனுக்கான 22.5 வாட் பவர் பேங்க் லேப்டாப்பை ஏமாற்றும்: சார்ஜ் குறி காட்டும், சதவீதம் ஏறாது. விமானத்தில் பவர் பேங்கும் உதிரி பேட்டரியும் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-அவருக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. டி480-க்கு இரண்டாவது பேட்டரி எடுத்துப் போகிறவர்கள் அதன் முனைகளில் டேப் ஒட்டி வையுங்கள்.

ரயிலில் இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் சாக்கெட்டுகளில் மின்சாரத்தை நிறுத்திவிடும் நடைமுறை இருக்கிறது. இரவு ரயிலில் வேலை செய்ய நினைப்பவர் ஏறும்போதே முழு சார்ஜோடு ஏற வேண்டும். பல பெட்டிகளில் சாக்கெட்டில் வருவது 110 வோல்ட். சார்ஜரின் மேல் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. அப்படி இல்லாத டூப்ளிகேட் சார்ஜரை அங்கே செருகாதீர்கள்.

## யாருக்கு எது

டேலி, ஜி.எஸ்.டி. என்று ஊர் ஊராகப் போகும் கணக்காளருக்கும் ஏஜென்ட்டுக்கும்: லேட்டிட்யூட் 5420 அல்லது எலைட்புக் 840 ஜி8, 16 ஜி.பி. ரேமோடு. 36,000-க்குள் முடியும், பேட்டரிக்கும் பணம் மிஞ்சும்.

எழுத்து, மொழிபெயர்ப்பு, ஆராய்ச்சி என்று நாள் முழுக்க டைப் பண்ணுகிறவருக்கும், விண்டோஸ் கட்டாயம் இல்லாதவருக்கும்: சைக்கிள் குறைந்த எம்1 ஏர். உடைந்தால் தாங்கக்கூடிய கையிருப்பு இருந்தால் மட்டும்.

விடுதிக்குப் போகும் கல்லூரி முதலாண்டு மாணவருக்கு: நாலு வருடம் ஓட வேண்டும், சோதித்து வாங்கும் அனுபவமும் இல்லை. 14 இன்ச், ரேம் ஸ்லாட், டைப்-சி சார்ஜிங் மூன்றும் உள்ள புதிய ஐ3-1215யு மாடல். இந்த மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அளவை விட்டுக்கொடுங்கள், ஸ்லாட்டை விடாதீர்கள். பொறியியல் மாணவர் என்றால் துறை கேட்கும் மென்பொருள் எது என்று சீனியர்களிடம் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கையில் 25,000-தான் இருக்கிறது என்பவருக்கு 25,000 ரூபாய்ப் புதிய லேப்டாப் வேண்டவே வேண்டாம். 20,000-க்கு எலைட்புக் 840 ஜி5, மீதியில் புது பேட்டரி. பிரவுசர் மட்டும் போதும் என்றால் 8 ஜி.பி. குரோம்புக்.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு நாள் சார்ஜரை வீட்டில் விட்டுவிட்டு லேப்டாப்பை வெளியே எடுத்துப் போய், உங்கள் உண்மையான வேலையைச் செய்து பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பெட்டியையும் தெர்மக்கோலையும் கெடு முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.